ஆழ்வார்திருநகரி: ஓலைச்சுவடி முதல் கைப்பேசி வரை எழுத்துத் தொழில்நுட்பமும் அன்றாட வாழ்வும்

தொழில்நுட்பம் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருபவை கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவை. ஆனால் எழுத்தாணியும் பனையோலையும் அவை தோன்றிய காலத்தில் தொழில்நுட்பங்களே. அச்சுப்பொறியும் அவ்வாறே. ஒவ்வொரு புதிய எழுது கருவியும் மக்கள் கடிதம் அனுப்பும் முறையையும், கணக்கு வைக்கும் முறையையும், பாடம் படிக்கும் முறையையும் மாற்றியது. எது நிலைத்து நிற்கும், எது மறைந்து போகும் என்பதையும் அதுவே பெருமளவு முடிவு செய்தது.

இந்த மாற்றங்களைத் தெளிவாகக் காண உதவும் இடங்களுள் ஒன்று தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி. மனப்பாடம், ஓலை, அச்சு, கணினி ஆகிய நான்கு நிலைகளும் இவ்வூரோடு அல்லது இதன் அருகிலுள்ள ஊர்களோடு தொடர்புடையவை. தொழில்நுட்பம் ஒன்று கண்டுபிடிக்கப்படுவதும் அது வாழ்க்கைக்குள் வந்து சேர்வதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

ஊரும் அதன் கல்வி மரபும்

ஆழ்வார்திருநகரி தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே உள்ளது. இதன் பழைய பெயர் திருக்குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர் என்பதால் பின்னர் ஆழ்வார்திருநகரி எனப் பெயர் பெற்றது. நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது வைணவத் தலங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வூரில் தமிழ்ப் புலவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. மாறனலங்காரம், மாறனகப்பொருள் முதலிய நூல்களை இயற்றிய குருகைப்பெருமாள் கவிராயர் இவ்வூரைச் சேர்ந்தவர். மாறனலங்காரத்துக்கு உரை எழுதியவர் காரிரத்ன கவிராயர். 'கவிராயர்' என்ற பட்டம் கொண்ட இத்தகைய குடும்பங்களின் வீடுகளில் சுவடிகள் பரம்பரைச் சொத்தாகக் காக்கப்பட்டன. நூல்நிலையம் என்ற பொது நிறுவனம் இல்லாத காலத்தில் புலவர் வீடுகளும், மடங்களும், கோயில்களும், அரண்மனைகளுமே நூலகங்களாக இருந்தன.

முதல் நிலை: மனப்பாடம்

எழுதும் பொருள் எதுவாக இருந்தாலும் அதற்கு முந்தைய சேமிப்பிடம் மனித நினைவே. நம்மாழ்வார் இயற்றியவை திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி, திருவாய்மொழி ஆகிய நான்கு. அவற்றுள் திருவாய்மொழி மட்டும் 1102 பாசுரங்களைக் கொண்டது. அந்தாதி முறையில் அமைந்திருப்பதால், ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கத்தை நினைவூட்டும். இது அழகுக்கு மட்டும் உரிய அமைப்பாக இருக்கவில்லை. வரிசை மாறாமலும் பாட்டு விடுபடாமலும் காப்பதற்கும் அது பயன்பட்டது. ஒவ்வொரு பதிகத்தின் இறுதியிலும் 'ஆயிரத்துள் இவை பத்து' என்ற பொருளில் வரும் குறிப்பும் அத்தகையதே. கேட்பவருக்கு முழு நூலின் அளவு அதனால் தெரியவரும்.

இந்தக் குறிப்பே ஒரு நூல் மீட்கப்படக் காரணமானது என்று வைணவ மரபு கூறுகிறது. நாதமுனிகள் வாழ்ந்த காலத்தில் ஆழ்வார் பாசுரங்கள் பெரும்பாலும் வழக்கிழந்திருந்தன. சிலர் பாடிய ஒரு பதிகத்தைக் கேட்ட அவர், அது ஆயிரம் பாட்டுகளில் பத்து மட்டுமே என்பதை அறிந்து மற்றவற்றைத் தேடித் திருக்குருகூருக்கு வந்தார். அங்கும் முழு நூல் கிடைக்கவில்லை. நம்மாழ்வாரின் மாணவரான மதுரகவியாழ்வார் பாடிய 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' மட்டும் வழக்கில் இருந்தது. அதை 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்தே பாசுரங்களைப் பெற்றார் என்பது மரபு வழிச் செய்தி. அதைச் சமய நம்பிக்கையாக எடுத்துக்கொண்டாலும், அதனுள் இருக்கும் கவலை தெளிவானது. ஓதுவார் இல்லாமல் போனால் நினைவில் மட்டும் வாழும் நூல் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும்.

இந்த மனப்பாட மரபு முற்றிலும் அழிந்துவிடவில்லை. பாசுரங்களைப் பாடலும் அபிநயமும் சேர்த்து நிகழ்த்தும் அரையர் சேவை இன்று மிகச் சில கோயில்களில் மட்டுமே நடைபெறுகிறது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகியவற்றுடன் ஆழ்வார்திருநகரியும் அவற்றுள் ஒன்று.

இரண்டாம் நிலை: ஓலை

தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் ஆற்றுப் பாசன வயல்களுக்குத் தெற்கே செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் பரந்துள்ளன. எழுதும் பொருளுக்கு இவ்வட்டாரத்தார் தொலைவுக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓலையை எழுதுவதற்குப் பதப்படுத்துவது பல படிகள் கொண்ட வேலை:

• இளங்குருத்தும் முற்றிய ஓலையும் இல்லாமல், நடுப்பருவத்து ஓலை தேர்ந்தெடுக்கப்படும்.
• நடுவிலுள்ள ஈர்க்கு நீக்கப்பட்டு, ஒரே நீள அகலத்தில் நறுக்கப்படும்.
• வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தப்படும். இதனால் ஓலை வளையும் தன்மை பெறும்.
• வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றப்படும்.
• துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்படும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டப்படும்.

எழுதுபவர் ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியால் கீறி எழுதினார். கீறிய எழுத்து கண்ணுக்கு எளிதில் தெரியாது. எனவே விளக்குக் கரியுடன் இலைச்சாறு போன்றவற்றைச் சேர்த்துத் தடவித் துடைத்தனர். கரி கீறல்களில் மட்டும் தங்கி எழுத்தைத் தெளிவாக்கியது. இது மையாடல் எனப்பட்டது.

அன்றாட வாழ்வின் எல்லாப் பகுதிகளிலும் ஓலை இருந்தது. பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின் ஓலையில் எழுதக் கற்றனர். ஊர்க் கணக்கர் நிலவரிக் கணக்கை ஓலையில் வைத்தார். வைத்தியரின் மருந்து முறை, சோதிடரின் சாதகம், நிலம் விற்ற ஆவணம், திருமணச் செய்தி எல்லாம் ஓலையிலேயே எழுதப்பட்டன. 'ஓலை' என்ற சொல்லுக்குக் கடிதம் என்ற பொருள் வந்ததும், நாளிதழை 'நாளேடு' என்று இன்றும் சொல்வதும் இதனால்தான். பொருள் மறைந்த பின்னும் சொல் வழக்கில் நிற்கிறது.

ஓலை எழுத்தின் வடிவத்தையும் பாதித்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் மெய்யெழுத்துகளின் புள்ளி பெரும்பாலும் எழுதப்படவில்லை. எகர, ஏகார வேறுபாடும் ஒகர, ஓகார வேறுபாடும் எழுத்தில் காட்டப்படவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம் பயன்பட்டது. சொற்களுக்கு இடையே இடைவெளியும் விடப்படவில்லை. ஆகவே சுவடி படிப்பவர் எழுத்தை அறிந்திருந்தால் மட்டும் போதாது. மொழியையும் யாப்பையும் அறிந்தவரே சரியாகப் பிரித்துப் படிக்க முடியும். நெடில் எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் சீர்திருத்தத்தைப் பின்னர் செய்தவர் வீரமாமுனிவர் (1680–1747).

ஓலையின் இன்னொரு குறை அதன் ஆயுள். கறையான், பூச்சி, ஈரம், நெருப்பு ஆகிய எல்லாம் அதற்குப் பகை. நன்கு காத்தாலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. எனவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுக்கும் வேலை தலைமுறைதோறும் நடக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழைகளும் சேரும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. யாரும் படியெடுக்காத நூல், எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அழிந்தது.

மூன்றாம் நிலை: ஆற்று முகத்துவாரத்தில் அச்சு

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்ற ஊர் உள்ளது. நேர்க்கோட்டில் பார்த்தால் ஆழ்வார்திருநகரிக்கும் அதற்கும் இடையே 20 கிலோமீட்டர் அளவே தொலைவு. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் முக்கியமான ஊராக அது 16-ஆம் நூற்றாண்டில் விளங்கியது.

போர்ச்சுகலைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு இக்கடற்கரையில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் இதுவே. இதற்கான தமிழ் எழுத்துகள் 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் உருவாக்கப்பட்டன. 1579-இல் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. 1586-இல் வெளியான 'அடியார் வரலாறு' அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெரிய நூல். இது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே அச்சு வந்துவிட்டது. அப்படியானால் அதே ஆற்றின் கரையிலிருந்த புலவர் வீடுகளில் ஓலை எழுதும் வழக்கம் அதன் பின் ஏறத்தாழ 300 ஆண்டுகள் நீடித்தது ஏன்?

அச்சு பரவத் தாமதமான காரணங்கள்

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, அச்சு அன்று ஒரே ஒரு நோக்கத்துக்காக, சமயப் பணிக்காகக் கொண்டுவரப்பட்டது. இலக்கியமோ இலக்கணமோ அச்சிடும் எண்ணம் அதில் இல்லை. இரண்டாவது, அச்செழுத்து வார்க்கவும் தாள் வாங்கவும் பெரும் பணம் தேவைப்பட்டது. உயிர்மெய் எழுத்துகள் நிறைந்த தமிழுக்கு வார்க்க வேண்டிய அச்சுகளின் எண்ணிக்கையும் மிகுதி. ஓலையோ அருகிலேயே கிடைத்தது. மூன்றாவது, ஒரே நூலின் பல நூறு படிகளை வாங்கும் வாசகர் கூட்டம் அன்று இல்லை. ஒரு நூலுக்கு ஊரில் ஒரு சுவடி இருந்தால் போதும் என்ற நிலையே இருந்தது.

என்றிக்கசுக்குப் பிறகு 17-ஆம் நூற்றாண்டில் மிகச் சில தமிழ் நூல்களே அச்சாயின. 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தபின் சீகன்பால்குவின் முயற்சியால் பணி மீண்டும் தொடங்கியது. ஆனாலும் பொதுமக்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது 1835-இல், சார்லசு மெட்காஃப் காலத்தில் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட பின்னரே. அதன்பின் ஆறுமுக நாவலர் (1822–1879), சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) போன்றோர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினர்.

அச்சு வேரூன்றத் தாள், மூலதனம், சட்டம், வாசகர், பள்ளி, அஞ்சல், போக்குவரத்து ஆகிய எல்லாம் சேர வேண்டியிருந்தது. இவை தமிழ்நாட்டில் ஒன்றுகூடியது 19-ஆம் நூற்றாண்டிலேயே.

ஆழ்வார்திருநகரியில் ஒரு தேடல்

உ. வே. சாமிநாதையர் (1855–1942) கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தார். கையிலிருந்த ஏடுகள் குறையுடையவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஏடுகள் தேவைப்பட்டன. அவற்றைத் தேடி 1888-ஆம் ஆண்டு வாக்கில் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். புதிய தொழில்நுட்பங்கள் இந்தத் தேடலுக்குத் துணை செய்தன. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற இருப்புப்பாதையின் கிளை 1876-இலேயே திருநெல்வேலியை எட்டியிருந்தது. எந்த ஊரில் எந்தச் சுவடி உள்ளது என்பதை அவர் பெரும்பாலும் அஞ்சல் வழிக் கடிதங்களாலேயே விசாரித்தார்.

ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகளில் சுவடிகள் இருப்பதைக் கேள்விப்பட்டு அங்கு சென்று, இலட்சுமண கவிராயர் வீட்டில் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாட்கள் கழிந்தும் பத்துப்பாட்டு கிடைக்கவில்லை. அவ்வேளையில் ஊரில் திருவிழா நடந்தது. இரவில் வீதியுலா வந்த நம்மாழ்வாரை மனமுருகி வேண்டினார். அதன்பின் கவிராயர் தம் உறவினர் வீட்டிலிருந்த ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலவொளியில் பிரித்துப் பார்த்தபோது, அதில் முல்லைப்பாட்டு என்ற பெயர் தென்பட்டது. இந்த நிகழ்ச்சியைத் தம் 'என் சரித்திரம்' நூலில் அவர் விரிவாக எழுதியுள்ளார். நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டு 1889-இல் அச்சாகி வெளிவந்தது.

ஒரு நூலுக்குப் பல படிகள் தேவை என்பதற்கு அதே பதிப்பின் வரலாற்றில் மற்றொரு சான்றும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் பகுதியில் சில அடிகள் அவருக்குக் கிடைத்திருந்த ஏடுகளில் இல்லை. பின்னர் தருமபுரம் ஆதீனத்துச் சுவடி ஒன்றில் அவை கிடைத்தன. எல்லாச் சுவடிகளும் ஒரே இடத்தில் இருந்து ஒரே விபத்தில் அழிந்திருந்தால், அந்தப் பூக்களின் பெயர்கள் இன்று அப்பாட்டில் இருந்திருக்கமாட்டா.

கைவிடப்பட்ட சுவடிகள்

எல்லாத் தேடல்களும் இப்படி முடியவில்லை. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருடைய சுவடிகள் இருந்தன என்று கேள்விப்பட்டு உ. வே. சா. அங்கு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். அதை அவர் மிகுந்த வேதனையுடன் பதிவு செய்துள்ளார். ஆடிப்பெருக்கின்போது பழைய ஏடுகளை ஆற்று நீரில் விடும் வழக்கமும் இருந்தது.

இவ்வாறு செய்தவர்கள் நூல்களை வெறுத்தவர்கள் அல்லர். ஏட்டைக் குப்பையில் எறியக்கூடாது என்ற மதிப்பினாலேயே தீயிலும் நீரிலும் சேர்த்தனர். படியெடுப்போர் இல்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவரும் இல்லை. தாளும் அச்சும் பரவிய பின் ஓலை எழுதும் தொழிலும் குன்றியது. சுவடிகள் வீட்டுக்குப் பாரமாயின. புதிய தொழில்நுட்பம் பரவும் காலமே பழைய சேமிப்புக்கு மிகவும் ஆபத்தான காலம். பழையதைப் பேணும் திறன் குறைந்துவிடும். புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றும் வேலையும் முடிந்திருக்காது. அந்த இடைவெளியில் விழுந்தவை மீண்டும் கிடைப்பதில்லை.

அச்சு அன்றாட வாழ்வில் செய்த மாற்றங்கள்

அச்சு பரவியபின் வீட்டு வாழ்க்கை பலவகையில் மாறியது. பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஒரே பாடநூலைப் படிக்க முடிந்தது. பஞ்சாங்கம் வீட்டுக்கு வீடு வந்தது. நாளிதழும் வார இதழும் தேநீர்க் கடையில் படிக்கப்பட்டன. நிறுத்தக்குறிகளும், சொல் இடைவெளியும், மெய்யெழுத்தின் புள்ளியும் நிலைபெற்றன. இதனால் படிப்பது எளிதாயிற்று. சத்தமாக ஓதிப் படிக்கும் பழக்கம் குறைந்து, மௌனமாகப் படிக்கும் பழக்கம் பெருகியது.

அச்சு வசதிக்காக எழுத்தும் மாறியது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 'ணை', 'லை', 'றா' போன்ற சில எழுத்துகளின் பழைய கொம்பு வடிவங்களை நீக்கியது. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் இது எளிதாக இருந்தது. ஓலை ஒருகாலத்தில் புள்ளியை நீக்கியது போலவே, பொறியும் சில வடிவங்களை நீக்கியது.

மனப்பாடத்தின் தேவையும் குறைந்தது. பாட்டனார் நினைவிலிருந்து சொன்ன நூலைப் பேரன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. அறிவு பலருக்கும் கிடைத்தது ஒரு பெரும் ஆதாயம். நினைவாற்றலைப் பயிற்றும் கல்விமுறை தளர்ந்தது அதற்குக் கொடுத்த விலை.

நான்காம் நிலை: கணினியும் கைப்பேசியும்

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வரையறுப்பது குறியேற்றம் எனப்படும். தொடக்கக் காலத்தில் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் இருந்தன. ஒவ்வொரு மென்பொருளும் தன் எழுத்துருவுக்கு ஏற்ற எண்ணைப் பயன்படுத்தியது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கட்டுரை மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்ததை அக்காலத்தில் கணினி பயன்படுத்திய பலரும் அறிவர்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. எனினும் அது நடைமுறையில் பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. புன்னைக்காயலில் அச்சுக்கு நேர்ந்ததைப் போலவே இங்கும் கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடையே காலம் கழிந்தது. ஆனால் இம்முறை நூற்றாண்டுகள் ஆகவில்லை. சில பத்தாண்டுகளே ஆயின.

ஒருங்குறி செயல்படும் முறைக்கு ஆழ்வார்திருநகரியின் பழைய பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'குருகூர்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்துகளாகத் தெரிகிறது. கணினி அதை எட்டு எண்களாகச் சேமிக்கிறது. 'கு' என்பது ககரத்துக்கு 2965, உகரக் குறிக்கு 3009 என இரண்டு எண்கள். இறுதியிலுள்ள 'ர்' என்பது ரகரத்துக்கு 2992, புள்ளிக்கு 3021 என இரண்டு எண்கள். ஓலையில் எழுதாமல் விடப்பட்ட புள்ளிக்குக் கணினியில் தனி எண்ணே உண்டு. எண் ஒன்றாக இருப்பதால், ஆழ்வார்திருநகரியில் தட்டச்சு செய்த ஒரு சொல் சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ அதே வடிவில் தெரியும். தேடுபொறியிலும் கிடைக்கும்.

இந்த அடித்தளத்தின் மீதே இணையத் தமிழ் வளர்ந்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக வழங்கிவருகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் வலைத்தளம் 2005-இல் தொடங்கப்பட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏற்பட்ட இழப்பு, பல இடங்களில் படிகள் இருக்க வேண்டும் என்ற உணர்வை ஈழத் தமிழரிடையே ஆழமாக விதைத்திருந்தது.

உ. வே. சா. இந்த ஊரில் நாட்கணக்கில் தேடிய பத்துப்பாட்டை இன்று ஒரு மாணவர் பேருந்தில் அமர்ந்தபடி கைப்பேசியில் திறந்து, ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று நொடிகளில் பார்க்கலாம்.

சுவடி மின்னாக்கமும் அதன் சிக்கல்களும்

சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ. வே. சா. நூல்நிலையம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவை சுவடிகளைப் பாதுகாக்கும் முக்கிய இடங்களாகும். முதலில் நுண்படச் சுருளிலும், பின்னர் எண்ணிமப் படமாகவும் சுவடிகள் பதிவு செய்யப்பட்டன.

ஆனால் படமெடுப்பது முதற்படி மட்டுமே. அச்சிட்ட தமிழைப் படித்து எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று நன்கு செயல்படுகின்றன. ஓலைச்சுவடியில் அவை தடுமாறுகின்றன. புள்ளி இல்லாமை, இடைவெளி இல்லாமை, ஆளுக்கு ஆள் மாறும் கையெழுத்து, ஓலையின் வெடிப்பும் பூச்சித் துளையும் ஆகியவை காரணங்கள். 'செ' என்று எழுதியிருப்பது 'செ' ஆ 'சே' ஆ என்பதை இடம் நோக்கியே முடிவு செய்ய வேண்டும். செயற்கை நுண்ணறிவு முறையில் இதற்கான ஆய்வுகள் நடக்கின்றன. அந்த மென்பொருளுக்குப் பயிற்சி தரவும், அது தரும் விடையைச் சரிபார்க்கவும் சுவடி படிக்கத் தெரிந்த மனிதர்களே வேண்டும். அத்தகையோர் குறைந்துவரும் காலத்தில் இது ஒரு முக்கியமான கவலை.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் உள்ளிட்ட ஆற்றோர ஊர்கள் சூழப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தனர். பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன.

எழுத்துச் சேமிப்பு பற்றி இந்த வெள்ளம் இரண்டு உண்மைகளைக் காட்டியது. ஒன்று, வீட்டுக்குள் நீர் புகுந்தால் தாள் ஓலையைவிடப் பாதுகாப்பானதன்று. நிலப்பட்டா, பிறப்புச் சான்றிதழ் போன்றவை இணையத் தரவுத்தளத்தில் இருந்தால் அவற்றின் படியை இ-சேவை மையத்தில் மீண்டும் பெறலாம். தாத்தா எழுதிய குறிப்பேடோ, படியெடுக்காத பழைய புகைப்படமோ நனைந்தால் மீட்பது கடினம். மற்றொன்று, மின்சாரமும் கோபுரமும் இல்லாதபோது கைப்பேசித் திரையில் எதுவும் தெரியாது. அப்போது மனப்பாடமாக அறிந்த தொலைபேசி எண்ணும், பக்கத்து வீட்டாரின் குரலுமே உதவும்.

ஆகவே புதிய தொழில்நுட்பம் வந்தவுடன் பழையது முழுவதும் தேவையற்றதாகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் மற்றதன் குறையை ஈடு செய்கிறது.

தொகுப்புரை

மின்கோப்புகளுக்கும் ஆயுள் உண்டு. பழைய நெகிழ்வட்டிலும் குறுவட்டிலும் சேமித்தவற்றை இன்று திறக்கக் கருவி கிடைப்பது அரிதாகிவருகிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் அடுத்த தலைமுறையால் படிக்க முடியாமல் போகலாம். ஓலையை நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை படியெடுத்தால் போதுமாக இருந்தது. மின்கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்ற வேண்டியுள்ளது. படியெடுக்கும் கடமை நீங்கவில்லை. அது அடிக்கடி செய்ய வேண்டியதாகியுள்ளது.

திருக்குருகூருக்கு வந்த நாதமுனிகள் பற்றிய மரபுச் செய்தியும், அதே ஊருக்கு வந்த உ. வே. சாமிநாதையரின் வரலாறும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் ஒரு நூல் மறையும் நிலையில் இருந்தது. தேடி வந்த ஒருவரால் அது அடுத்த சேமிப்பு முறைக்கு மாற்றப்பட்டது. தாமிரபரணிக் கரை வீடுகளில் இன்னும் படிக்கப்படாத சுவடிகளும், குடும்பக் கணக்கேடுகளும், பழைய கடிதங்களும் இருக்கக்கூடும். அவற்றைப் படமெடுத்து, எந்த ஊர், யார் வீட்டு ஏடு, எக்காலத்தது என்ற விவரத்துடன் ஒரு நூலகத்தில் சேர்க்க இன்று ஒரு கைப்பேசியே போதும். அந்த வசதி உ. வே. சா. காலத்தில் இல்லை. ஏட்டைத் தீயிலோ நீரிலோ இடுவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் ஒருவர் அன்றும் தேவைப்பட்டார், இன்றும் தேவைப்படுகிறார்.